தறிக்கட்டை ஸ்கேல்

இன்ஷிராஹ் மிஸ்ஸுக்கு மஹல்லா என்கிற அந்த ஆலை ஊரில் யாரையும் பிடிக்காது. மஹல்லாவில் அவளைப் பிடித்தவர்கள் என்று தேடினால் புருஷன் ஸப்ரி ஒருவன்தான் தேறுவான். அவனுக்கும் காது பாதி கேட்காது.

ஸப்ரியின் காதைத் தின்றது நெசவாலை. அவன் அங்கே முப்பது வருஷத்துக்கு மேல் தறி ரிப்பேர் பார்த்தவன். இன்ஷிராஹின் அப்பாவும் அதே ஆலையில்தான் தறி ஓட்டினார். ஆலைச் சுவரை ஒட்டின தொழிலாளர் குடியிருப்பில் அவள் பிறந்தாள், அங்கேயே படித்தாள், கட்டிக்கொடுத்ததும் இரண்டு தெரு தள்ளித்தான். அந்த ஊரில் அவளுக்குச் சொந்தமாக ஒன்றே ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் எப்போது சிம்பிள், எப்போது கன்டினியூவஸ் என்பதை அவளைப் போலப் புரியவைக்க ஆளில்லை என்ற நினைப்புதான் அது.

அது வெறும் நினைப்பு மட்டும் இல்லை. பக்கத்து ஊரான தந்தாவில் ஆசிரியர் கல்லூரியில் படித்தபோது விரிவுரையாளர் இலக்கண விதிகளை வாசித்துக்கொண்டே போவார். பெண்கள் எழுதிக்கொண்டே போவார்கள். ஒருத்திக்கும் விளங்காது. எங்கள் அரபுப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே. 'ஹஸன் டீ குடிக்கிறான்' என்றால், அவன் தினமும் குடிக்கிறவனா, இல்லை இந்த நிமிஷம் வாயில் கிளாஸை வைத்திருக்கிறானா என்பதைச் சொல்கிறவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலக்காரன் அதற்கு முகத்தைப் பார்ப்பதில்லை. அவனுக்கு இரண்டும் வேறு வேறு உருவம்.

ஒரு விடுமுறையில் வீட்டில் படுத்திருந்தபோது ஆலைச் சங்கு ஊதியது. ஒரே ஊதல். நேற்றும் ஊதியது, நாளைக்கும் ஊதும். அதற்குப் பின்னால் தறிச் சத்தம். அது ஆரம்பித்ததும் தெரியவில்லை, முடிகிற மாதிரியும் இல்லை. இன்ஷிராஹ் எழுந்து உட்கார்ந்தாள். சங்குதான் சிம்பிள். தறிதான் கன்டினியூவஸ். அன்றைக்குப் பிடிபட்டது, பிறகு ஒரு நாளும் அவளுக்குக் குழம்பவில்லை.

வேலைக்குச் சேர்ந்தபோது அப்பா ஒரு பரிசு செய்துகொடுத்தார். உடைந்த தறியின் பீச் மரக்கட்டையை இழைத்து, ஒரு முழ நீளத்துக்கு ஒரு ஸ்கேல். கனமானது. அதை வைத்து இன்ஷிராஹ் மேசையை ஒரு தட்டு தட்டுவாள்: டக். "சிம்பிள்!" பிறகு விடாமல் தட்டுவாள்: டகடகடகடக. "கன்டினியூவஸ்!" எல்லாப் பள்ளிக்கூடத்திலும் வாத்தியார்கள் கையில் ஏதோ ஒரு கம்போ குழாயோ இருந்த காலம் அது. யாரும் அதைப் பற்றிப் பேசினதில்லை. அவளும் பேசினதில்லை.

வருஷங்கள் போயின. பொதுப் பரீட்சை எழுதுகிற மேல்நிலை மூன்றாம் வருஷப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதை நிறுத்தினார்கள். எல்லோரும் டியூஷன் சென்டருக்குப் போனார்கள். செருப்புக் கடைக்கு மேல், மருந்துக் கடைக்கு மேல், சந்துக்குச் சந்து சென்டர். பள்ளியில் இன்ஷிராஹின் வகுப்புக்கு வந்தவர்கள் வீட்டு வேலைக்குப் பயந்து ஓடிவந்த சில பெண்கள்தான். அவர்களும் கடைசி பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறித்தார்கள். டியூஷன் எடுக்கிறீர்களா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. "நான் படிப்பை விக்கிறதில்ல" என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள்.

அவளுடைய சண்டைகள் தெருவுக்குப் பழக்கமானவை. மினிபஸ் டிரைவரோடு சண்டை, தலைமையாசிரியரோடு சண்டை. வாராவாரம் தெருமுனைத் தக்காளிக்காரி நஃபீஸாவோடு ஒரு சண்டை. நஃபீஸா எப்போது நிறுத்தாலும் பைக்குள் ஒரு நசுங்கின தக்காளி இருக்கும். "எனக்குன்னே பொறுக்கிப் போடுறியா?" என்று இன்ஷிராஹ் கத்துவாள். நஃபீஸா பதில் பேசமாட்டாள். பையை நீட்டுவாள், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஜூன் மாதத்தோடு அவள் ஓய்வு பெறுவதாக இருந்தது. அதற்கு முன்னால்தான் அந்த வீடியோ வந்தது.

ஆசிரியர் அறையில் தஹானி போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தஹானிக்கு வரலாறு பாடம், ஊர் வம்பும் அவள் பாடம்தான்.

"இங்க வாங்க மிஸ். நம்ம சக்கரவர்த்தியைப் பாருங்க."

ஆங்கிலத்தின் சக்கரவர்த்தி மிஸ்டர் யுஸ்ரி. அப்படித்தான் ஊர்ச் சுவரெல்லாம் போஸ்டர் இருந்தது, கைகட்டி நிற்கிற ஒரு கோட்டுக்காரன் படத்தோடு. போனில் அவன் மைக் பிடித்து மேடையில் நடந்துகொண்டிருந்தான். பக்கத்தில் ஒருவன் தோளில் பெரிய முரசு. யுஸ்ரி ஒரு வாக்கியம் சொன்னான். முரசு ஒரே அடி: டும். கூட்டம் கத்தியது: "சிம்பிள்!" இன்னொரு வாக்கியம். முரசு விடாமல் உருண்டது. "கன்டினியூவஸ்!"

இன்ஷிராஹ் போனைப் பிடுங்கினாள்.

"ஐயோ, மெதுவா! இன்னும் தவணை முடியல அதுக்கு."

"இது என்னுது."

"எது, போனா?"

"இந்தத் தட்டு. ஒண்ணு, அப்புறம் விடாம. இது என்னுது தஹானி. நான் கண்டுபிடிச்சது. இவன் என் கிளாஸ்ல படிச்ச பயலா இருக்கணும்."

"ஊர்ல பாதிப் பேர் உங்க கிளாஸ்தான்." தஹானி போனைத் திரும்ப வாங்கித் துடைத்தாள். "விடுங்க மிஸ். அவன் பி.எம்.டபிள்யூ வச்சிருக்கான், நீங்க மினிபஸ்ல வர்றீங்க. தட்டு யாருதுன்னு இனிமே எவன் கேக்கப்போறான்?"

"நான் கேக்கப்போறேன்."

வீட்டில் ஸப்ரியிடம் சொன்னாள். அவனுக்குக் கத்திச் சொல்ல வேண்டும். அதனால் மாடி வீட்டுக்கும் கேட்டது.

"திருடிட்டான்!"

"எதை?"

"என் வாழ்க்கையை!"

"போலீஸுக்குப் போ" என்றான் ஸப்ரி, ஃபூல் என்கிற அவரைக் கூட்டைத் தொட்டு ரொட்டியை மென்றுகொண்டே. "இல்ல, அவன்கிட்ட காசு கேளு."

"காசு எவனுக்கு வேணும்? அந்த மைக்ல என் பேரைச் சொல்லணும். அந்தப் பசங்க முன்னாடி. இது இன்ஷிராஹ் மிஸ்ஸோடதுன்னு சொல்லணும். சொல்லாம நான் வேலையை விட்டு இறங்கமாட்டேன்."

ஸப்ரிக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. தலையை மட்டும் ஆட்டினான்.

மறுநாள் சாயங்காலம் சென்டருக்குப் போனாள். மாடிப்படி முழுக்கப் பிள்ளைகள். ஒருத்தன் படியில் உட்கார்ந்து கொஷரிச் சோறு தின்றுகொண்டிருந்தான், வழிவிடவில்லை. வாசலில் இருந்த பெண் தலையைத் தூக்காமலே, "பெற்றோர் வரிசை அந்தப் பக்கம் ஹாஜ்ஜா" என்றாள், வயசான எந்தப் பெண்ணையும் கூப்பிடுகிற மாதிரி.

"நான் பெற்றோர் இல்ல. உங்க சக்கரவர்த்திக்கு வாத்தியார்."

யுஸ்ரியின் அறை மட்டும் குளிர்ந்திருந்தது. நாற்பதைத் தாண்டியவன், போஸ்டரில் இருந்த முடி நேரில் இல்லை. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவ்வளவு வேகமாக எழுந்ததைப் பார்த்து, மரியாதை தெரிந்தவன்தான் என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள்.

"உக்காருங்க மிஸ். டீயா, காபியா?"

"உன் டீ வேணாம். அந்த முரசு எங்கிருந்து வந்துச்சு?"

"கல்யாண பேண்டுக்காரங்ககிட்ட வாடகைக்கு எடுத்தது."

"விளையாடாதே. தாளத்தைக் கேக்குறேன்."

 இன்ஷிராஹ் பையைத் திறந்து சாட்சியை எடுத்து மேசைமேல் வைத்தாள். மழமழப்பாகிப்போன பழைய பீச் மரம். அதைக் கண்டதும் மேசைமேல் இருந்த அவன் வலது கை சட்டென்று கீழே போய்விட்டது. மாட்டிக்கிட்டான் என்று அவள் மனசுக்குள் சந்தோஷப்பட்டாள்.

"ஞாபகம் இருக்கில்ல?"

"நல்லா இருக்கு மிஸ்."

"தாளத்தைத் திருடினது ஒரு பக்கம். அதை என்ன பண்ணி வச்சிருக்க? 'நவ்'னு ஒரு வார்த்தையைப் பார்த்தா 'இங்' போடு, 'எவ்ரி டே' பார்த்தா போடாதே. பசங்க யோசிக்கவே மாட்டேங்குறாங்க. மாட்டுக்கு மணி கட்டின மாதிரி கட்டிட்ட."

"பரீட்சைப் பேப்பரைத் திருத்துறது மெஷின் மிஸ். வட்டத்தைக் கறுப்பாக்கினா மார்க். யோசிச்சியான்னு அது கேக்காது."

"நான் கேப்பேன்."

"ஆமா" என்றான் யுஸ்ரி. "நீங்க கேப்பீங்க."

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. ஆனால் சண்டைக்கு வந்தவளுக்கு அதைக் கவனிக்க நேரம் இல்லை. "என் பேரைச் சொல்லு. மைக்ல. அது போதும் எனக்கு."

அவன் கொஞ்ச நேரம் அந்த ஸ்கேலையே பார்த்தான். "வெள்ளிக்கிழமை கல்யாண மண்டபத்துல கடைசி ரிவிஷன். தொழுகை முடிஞ்சதும் ஆரம்பம். வாங்க. எல்லாத்தையும் சொல்றேன்."

"எல்லாம் வேணாம். பேர் போதும்."

"இதையும் எடுத்துட்டு வாங்க மிஸ்" என்றான், ஸ்கேலைத் தொடாமல்.

வெள்ளிக்கிழமை இன்ஷிராஹ் நீல நிற கோட்டு உடையைப் போட்டாள். ஓய்வு பெறும் நாளுக்கென்று தைத்து வைத்திருந்தது அது. மண்டபத்து வாசலில் பெற்றோர்கள் வெயிலில் நின்று விசிறிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பொட்டு இடம் இல்லை. மேடையில் முந்தின நாள் கல்யாணத்தின் தங்க முலாம் பூசின ஜோடி நாற்காலிகளும் பிளாஸ்டிக் பூ வளைவும் அப்படியே இருந்தன. விளக்கு அணைந்தது, புகை வந்தது, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அடிக்கிற அடியை அடித்துக்கொண்டு முரசுக்காரர்கள் முன்னால் வர, யுஸ்ரி பின்னால் வந்தான். பையன்கள் நாற்காலிமேல் ஏறிக் குதித்தார்கள்.

"வெக்கங்கெட்டவனுங்க" என்றாள் இன்ஷிராஹ். பக்கத்தில் இருந்த பெண், "என்ன ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் விசிலடித்தாள்.

பாடம் ஆரம்பித்தது. அப்பா தினமும் பேப்பர் படிக்கிறார்: டும். "சிம்பிள்!" பார், குழந்தை அழுகிறது: முரசு உருண்டது. "கன்டினியூவஸ்!" தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கிறது: டும். சத்தம் போடாதே, தண்ணீர் கொதிக்கிறது: உருண்டது. மண்டபமே ஒரே தொண்டையாகக் கத்தியது. இன்ஷிராஹுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அதே சமயம் அவள் விரல்கள் மடிமேல் தாமாகத் தட்டிக்கொண்டிருந்தன. அவளுடைய காலி வகுப்பில் ஒரு தொண்டைகூட இப்படித் திறந்ததில்லை.

யுஸ்ரி கையைத் தூக்கினான். முரசு நின்றது.

"பசங்களா, இந்தத் தாளம் யாருது?"

"மிஸ்டர் யுஸ்ரி!"

"இல்ல. இது என்னுது இல்ல. எனக்கு இதைக் கத்துக்கொடுத்தவங்க இங்க உக்காந்திருக்காங்க. இன்ஷிராஹ் மிஸ்! மேல வாங்க மிஸ்."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. சில பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ கையைப் பிடித்து ஏற்றிவிட, அவளை மணப்பெண் நாற்காலியில் உட்காரவைத்தான் யுஸ்ரி. மண்டபம் சிரித்தது. அவளும் சிரித்தாள் என்பதை நம்ப முடியாதுதான், ஆனால் சிரித்தாள். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அங்கேயே அவன் நிறுத்தியிருந்தால் அவள் அன்றைக்கு ஊரோடு சமாதானம் ஆகியிருப்பாள்.

"மிஸ் இந்தத் தாளத்தை இந்த ஸ்கேலாலதான் வாசிப்பாங்க" என்றான் யுஸ்ரி. "எது மேல வாசிப்பாங்க, சொல்லுங்க?"

"மேசை!"

"இல்ல."

"போர்டு!"

"இல்ல." அவன் வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கூட்டத்துக்குத் திருப்பிக் காட்டினான். "இதுமேல."

கொஞ்சம் சிரிப்பு. பிறகு அது அடங்கியது.

"எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு. 'என் அம்மா துணி துவைக்கிறாள்'னு ஒரு வாக்கியம் எழுதினேன். சிம்பிள்ல எழுதினேன். மிஸ் கேட்டாங்க, தினமுமா, இப்பவா? எங்கம்மா ஊரார் துணியைத் தினமும் துவைப்பாங்க. அந்த நேரத்துலயும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால டாக்டர் வீட்டுல துவைச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க, ஜன்னல் வழியா தெரியும். எதைச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. நின்னேன். நான் வாயைத் திறக்கிற வரைக்கும் மிஸ் நிறுத்தல. மறுநாள் என்னால பேனா பிடிக்க முடியல."

மைக் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இன்ஷிராஹ் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இப்ப உனக்கு அந்த ரெண்டும் குழம்புதா?"

"இல்ல மிஸ்."

"கார் வாங்கினியா?"

"வாங்கினேன்."

"அப்புறம் என்ன? யாரால?"

கூட்டத்தில் ஒரு பையன் "ஓஓ" என்றான். யுஸ்ரி சிரித்தபடியே தலையாட்டினான். "உங்களாலதான் மிஸ். அதைத்தான் சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்னு சொன்னேன்ல? பசங்க என் முரசைத்தான் கேட்டிருக்காங்க. அசலைக் கேட்டதில்ல. ஒருதடவை வாசிச்சுக் காட்டுங்க."

உள்ளங்கையை அவள் முன்னால் நீட்டினான். மைக்கை அதன் பக்கத்தில் பிடித்தான்.

கை நீட்டி நிற்கிற பிள்ளை முன்னால் ஸ்கேலோடு உட்கார்ந்திருப்பது அவளுக்குப் புதிதில்லை. கோபம் தோளிலிருந்து இறங்கியது. அடித்தாள்.

டக்.

"சிம்பிள்!" என்று மண்டபம் கத்தியது. பழக்கிவைத்த தொண்டைகள், அவர்களாலும் அடக்க முடியவில்லை. உடனே ஒரு பெரிய சிரிப்பு.

யுஸ்ரி கையை எடுக்கவில்லை. மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "இவ்வளவுதானா மிஸ்? ஒண்ணோட நீங்க நிறுத்தினதே இல்லையே."

ஸ்கேல் மறுபடியும் மேலே போனது. கூட்டம் அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்து காத்திருந்தது. அப்போது அவள் அந்தக் கையைப் பார்த்தாள். யுஸ்ரியின் முகம் சிரித்துக்கொண்டே இருந்தது, குரலில் நடுக்கம் இல்லை, கால் அசையவில்லை. விரல்கள் மட்டும் மெல்ல மடிந்தன. சுண்டுவிரல் முதலில், பிறகு ஒவ்வொன்றாக. அவன் அதை அறிந்ததாகத் தெரியவில்லை.

சக்கரவர்த்தியின் பன்னிரண்டு வயசு முகம் அவளுக்கு ஞாபகம் வரவில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி. அந்த விரல்கள் ஞாபகம் வந்தன.

"பேரைச் சொல்லிட்ட" என்றாள். "கணக்குத் தீந்துச்சு." ஸ்கேலைப் பைக்குள் திணித்துக்கொண்டு, பூ வளைவில் இடித்துக்கொண்டு, படியிறங்கிப் போனாள். பின்னால் முரசு மறுபடி ஆரம்பித்தது.

அன்றைக்கே வீடியோ ஊரெல்லாம் போய்விட்டது. இன்ஷிராஹ் மிஸ் என்ற பேர் இப்போது மஹல்லாவில் தெரியாதவர் இல்லை. மினிபஸ்ஸில் ஏறினால் பின்சீட்டுப் பையன்கள் உள்ளங்கையை நீட்டினார்கள். பள்ளி வாசலில் நீட்டினார்கள். துக்துக் ஆட்டோ ஓட்டுகிறவன் வண்டியை நிறுத்தி நீட்டிவிட்டுப் போனான். "நாய்ங்களா!" என்று அவள் விரட்டினாள், அதையும் ஒருத்தன் படம் எடுத்தான். ஆசிரியர் அறையில் தஹானி, "நீங்க கேட்டபடி பேர் வந்துடுச்சே மிஸ்" என்றாள். இன்ஷிராஹ் அவளோடு அதற்குப் பிறகு பேசவில்லை. பிரிவு உபசாரக் கேக் வெட்டினபோதும் பேசவில்லை.

"அடிச்சது தப்புன்னா என்னை அடிச்சவங்க எல்லாம் யாரு?" என்று ஸப்ரியிடம் கத்தினாள்.

"என்ன?" என்றான் அவன்.

திரும்பச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வாரக் கடைசியில் தக்காளி வாங்கப் போனாள். நஃபீஸா நிறுத்து, பையில் கொட்டி, நீட்டினாள். இன்ஷிராஹ் வழக்கம்போலப் பையைக் கிளறினாள். அடியில் நசுங்கினது ஒன்று. வாயைத் திறந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். நஃபீஸா வலது கையை நீட்டியிருந்தாள், உள்ளங்கை மேலே. அந்தப் பையன்கள் முகத்தில் இருந்த சிரிப்பு இவள் முகத்தில் இல்லை. காசுக்காகவும் இருக்கலாம். எல்லா வாரமும் காசுக்கு இப்படித்தான் நீட்டியிருப்பாள்.

"நீ எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச?" என்று கேட்டாள் இன்ஷிராஹ்.

"நீங்க எந்தப் பள்ளிக்கூடத்துல இருந்தீங்களோ அதுல."

"சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே மிஸ்."

கை அப்படியே இருந்தது. நாற்பது வயதுக் கை, தக்காளிச் சாறு காய்ந்து ரேகையெல்லாம் கறுத்துப்போன கை. பின்னால் ஒரு பெண் பொறுமை இழந்து, "சீக்கிரம் ஆகட்டும் ஹாஜ்ஜா" என்றாள். இன்ஷிராஹ் இருபது பவுண்டு நோட்டை எடுத்தாள். அந்த உள்ளங்கைக்கு மேலே அவள் கை ஒரு கணம் நின்றது. விரல்கள் மடிகின்றனவா என்று பார்த்தாள். மடியவில்லை.

நோட்டைத் தராசுத் தட்டில் போட்டாள். மீதிச் சில்லறைக்கு நிற்கவில்லை. நசுங்கின தக்காளியைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.